சொன்ன இடத்தில் இருந்தவன்

மத்திகிரி, ஓசூர்
24 நவம்பர் 2024

அருள்ஜோசப் அவர்களுக்கு,

பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த கணவருக்கு இப்படித் தொடங்குவது கூச்சமாகத்தான் இருக்கிறது. இரண்டு தாளைக் கிழித்த பிறகு, இதுவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

உங்கள் குரல் இனி என் காதில் விழக்கூடாது என்று ஏப்ரலில் சொன்னேன். அதில் மாற்றம் இல்லை. அதனால் போன் செய்ய வேண்டாம், எழுதுங்கள். புன்னைத்துறையில் படகுக்காரர் ஆனந்தராஜ் வீட்டுக் கொட்டகையில் இருக்கிறீர்கள் என்று சிங்காரப்பேட்டையிலிருந்து உங்கள் அண்ணி சொன்னார். என் தம்பியைத் தேடிப் போன படகின் சொந்தக்காரர் வீட்டில் உங்களால் எப்படி இருக்க முடிகிறதோ, எனக்குத் தெரியவில்லை.

இதை எழுதுவது அம்மாவுக்காக. வருகிற ஜனவரி பதினேழோடு ஜோஸ்வின் கடலில் காணாமல் போய் ஒரு வருடம். ஆண்டுத் திருப்பலிக்குப் பெயர் கொடுக்கச் சொல்லிப் பங்குத்தந்தை ஆள் அனுப்பியிருந்தார். அம்மா அந்த ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"அவனுக்கா? மாமன் இங்கயே இருடான்னு சொல்லியும் மீன் பின்னாடி ஓடுனவனுக்கா? அவனுக்குப் பூசை ஒண்ணுதான் கொறச்சலா? ஹோகலி பிடு" என்றார். போகட்டும் விடு என்று கன்னடத்தில் முடித்தால் அதற்கு மேல் அவர் பேசமாட்டார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இந்தப் பத்து மாதத்தில் அம்மா ஒரு நாளும் அழவில்லை. புதைக்க உடல் கிடைக்காததால் அழுகை வரவில்லை என்று முதலில் நினைத்தேன். அப்படி இல்லை. கோபம். அவன் படத்தை பீரோவில் புடவைக்கு அடியில் கவிழ்த்து வைத்திருக்கிறார். பக்கத்து வீட்டுப் பொற்கொடி ஒரு நாள், "உங்க பையன் தங்கமானவன்மா" என்று ஆரம்பித்தாள். "தங்கம்தான். அதான் முங்கிப் போச்சு" என்று சொல்லிவிட்டு அம்மா மோட்டார் போடப் போய்விட்டார்.

செத்த மகனைத் தாய் தினமும் திட்டுவதைக் கேட்டபடி நான் சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன். அவர் திட்டுவதற்கு ஆதாரம் நீங்கள் சொன்ன வார்த்தை. அவனே போனான் என்ற வார்த்தை.

ஆறு வயதில் அவனைக் கெலமங்கலம் பஸ் நிலையத்தில் "இங்கயே நில்லு" என்று நிறுத்திவிட்டு நோட்டு வாங்கப் போனேன். மழை பிடித்துக்கொண்டது. கடையில் கூடப் படிக்கிறவளைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்ததில் அவனை மறந்தே போனேன். ஒன்றரை மணி நேரம் கழித்து ஓடி வந்தால், கூரைக்கு இரண்டடி வெளியே, நான் விட்ட அதே இடத்தில் நனைந்துகொண்டு நிற்கிறான். "உள்ள போயி நின்னிருக்கலாமேடா" என்றேன். "நீ இங்கன்னு சொன்னயே அக்கா" என்றான்.

அவன்தான் முப்பத்து மூன்று வயதில் தன் இஷ்டத்துக்குப் போனான் என்கிறீர்கள்.

அன்று காலை ஏழு மணிக்கும் பத்து மணிக்கும் நடுவில் நடந்ததை எழுதுங்கள். போலீஸில் சொன்னதை அல்ல.

லிபியா


புன்னைத்துறை
3 டிசம்பர் 2024

லிபியா,

உறையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் பிரிக்கப் பயந்து இரண்டு நாள் சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். ஆனந்தராஜ் கண்டுபிடித்துவிட்டார். "வீட்டம்மா கடிதாசியா? பிரிங்க சார், வெடிகுண்டா இருந்தாலும் கூட நான் இருக்கேம்லா" என்றார்.

புயல் மழையில் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கம் வெள்ளமாமே. அண்ணி வீட்டுக்குள் தண்ணீர் வந்ததா? இங்கே ஒரு வாரமாக யாரும் கடலுக்குப் போகவில்லை. நான் இஞ்சின் பழுது பார்க்கிறேன். தொழிற்சாலையில் இரும்பு அச்சு செய்த கைக்கு இது கஷ்டமில்லை. கயாக் துடுப்புப்படகைத் தொடுவதில்லை. என்னுடையது கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடக்கிறது. அதை இங்கே யாரும் படகு என்று சொல்வதில்லை. "அந்தப் பிளாஸ்டிக் தொட்டியில ஒக்காந்து மீன் பிடிக்கதுக்கு ஓசூர்லேர்ந்து வரணுமா சார்? குளிக்கித தொட்டியில ஒக்காந்தாப் போதாதா?" என்று முதல் முறை நாங்கள் வந்தபோதே கேட்டார்கள். ஜோஸ்வின் விழுந்து விழுந்து சிரித்தான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். சொன்னதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. இந்த ஊரில் 'பார்' என்று சொல்கிறார்களே, அந்தக் கடலடிப் பாறைத் திட்டின் மேல் இரண்டு கயாக்கும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. கலவாவும் விளமீனும் குளிர்காலத்தில் அங்கேதான் அடைகின்றன. தூரத்தில் பறவைகள் தண்ணீரில் விழுந்து எழுவதை அவன் பார்த்தான். "போயிட்டு வந்துடறேன் மாமா" என்றான். நான் வேண்டாம் என்றேன். போனான். பனிமூட்டம் இருந்தது. பிறகு அவனைக் காணவில்லை.

அத்தை கோபமாக இருப்பதும் ஒரு வகையில் நல்லதுதான் என்று சில நேரம் தோன்றுகிறது. அழுதால் உடம்பு தாங்குமா?

வாடைக் காற்று தொடங்கிவிட்டது. பத்து மணி ஆனால் கால் என்னைக் கரைக்கு இழுத்துப் போகிறது. அந்தக் காற்றில் துடுப்பு தண்ணீரில் படும் சத்தம் கேட்கிறது. இடது, வலது, இடது, வலது. அவன் இடது பக்கம் கொஞ்சம் அழுத்திப் போடுவான், உனக்குத் தெரியாது. இந்தச் சத்தமும் அப்படியே வருகிறது. கிட்டே வருவதே இல்லை. விலகிப் போவதும் இல்லை.

அருள்


மத்திகிரி
12 டிசம்பர் 2024

அருள்ஜோசப் அவர்களுக்கு,

போலீஸ் வாக்குமூலத்தில், "நான் திரும்பிப் பார்ப்பதற்குள் போய்விட்டான்" என்று இருக்கிறது. அம்மாவிடம், "இங்கேயே இருடா என்று இரண்டு தடவை கத்தினேன்" என்றீர்கள். இப்போது அவன் சொல்லிக்கொண்டு போனதாக எழுதுகிறீர்கள். ஒரே இரும்புத் துண்டை மூன்று முறை அளந்து மூன்று அளவு வந்தால் நாங்கள் துண்டைக் குறை சொல்வதில்லை. அளந்தவரைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்போம். இருபது வருடமாகக் கம்பெனி அளவுக்கூடத்தில் நான் செய்யும் வேலை அதுதான்.

அவனுடைய கயாக் நம் கார் நிறுத்தும் இடத்தில் இருக்கிறது. அடுத்த நாள் விசைப்படகுக்காரர்கள் கவிழ்ந்த நிலையில் கண்டெடுத்து, போலீஸ் பிப்ரவரியில் திருப்பிக் கொடுத்த அதே நிலையில். உட்காரும் இடத்தின் முதுகில் மிதவைச் சட்டை கட்டியபடியே இருக்கிறது. தூண்டில் வீச இடைஞ்சல் என்று கழற்றிவிடுவான் போலிருக்கிறது. அதற்காக அவனை நான் திட்டிக்கொள்கிறேன். அது என் பங்கு.

இந்த மாதம் இங்கே எப்படிப் பனி பெய்யும் என்று தெரியுமல்லவா? காலையில் வெளியே வந்தால் எதிர்வீடு தெரிவதில்லை. கயாக்கின் பள்ளத்தில் ஒரு கை தண்ணீர் தேங்கியிருக்கும். முந்தாநாள் அம்மா அதில் விரலை விட்டு நாக்கில் வைத்துப் பார்த்ததைச் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். என்னைக் கவனித்துவிட்டு, "உப்பு இல்ல" என்றார். அதன் பிறகு தினமும் காலையில் ருசித்துப் பார்க்கிறார்.

இனி நான் சொல்ல வேண்டியது. அந்தக் கயாக்கின் முன்பக்கப் பெட்டி மூடியின் உள்புறத்தில் கறுப்பு மார்க்கரால் போட்ட ஒரு படம் இருந்தது. ஒரு கோபுரம், அதன் பின்னால் காற்றாலை, அவற்றை இணைத்து ஒரு கோடு. ஒரு தீவின் முனை, அதன் பின்னால் ஒரு கப்பல், இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் "இங்கேயே இரு" என்று எழுதியிருந்தது. கையெழுத்து உங்களுடையது. "இ" எழுத்தின் சுழியை நீங்கள் மூடுவதே இல்லை.

பக்கத்தில் பக்கத்தில் நின்றவருக்கு எதற்குப் படம் போட்டுக் கொடுத்தீர்கள்?

லிபியா


புன்னைத்துறை
18 டிசம்பர் 2024

லிபியா,

அந்தப் படம் கடல் தண்ணீரில் அழிந்திருக்கும் என்று இத்தனை நாளும் நம்பினேன். பிழைத்திருக்கிறது. சரி, எழுதுகிறேன்.

காணும் பொங்கல் அன்று விடிந்ததும் கிளம்பினோம். துடுப்புப் போட்டு ஏழு மணிக்குப் பாரின் மேல் வந்துவிட்டோம். கரையிலிருந்து ஐந்து கிலோமீட்டர், ஆழம் இவர்கள் கணக்கில் பன்னிரண்டு பாகம், எழுபது அடி. கடல் எண்ணெய் ஊற்றியது போல் கிடந்தது. தூண்டில் இறக்கிய ஐந்தாவது நிமிடம் அவனுக்குக் கலவா. பிறகு ஒரு விளமீன். பிறகு இன்னொரு கலவா, முழங்கை நீளம். எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தைய இரண்டு பயணத்திலும் எனக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை.

"மாமா, மீனுங்களுக்கு உங்க மூஞ்சி புடிக்கல போல. கொஞ்சம் அக்கட்டால திரும்பி உக்காருங்க" என்றான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். நானும் சிரித்தேன். உள்ளே சிரிக்கவில்லை. அவனுக்குத் துடுப்புப் பிடிக்கக் கெலவரப்பள்ளி அணையில் கற்றுக்கொடுத்தவன் நான். நாற்பத்தேழு வயதில் மச்சினன் பிடித்த மீனைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்று எழுதக் கை கூசுகிறது. அதுதான் உண்மை.

வடக்கே ஒரு கிலோமீட்டரில் இன்னொரு பார் இருப்பது என் கருவியில் தெரிந்தது. நான் அங்கே போகிறேன் என்றேன். இடம் காட்டும் கருவி எங்கள் இருவருக்கும் அது ஒன்றுதான். அவன் போன் காரில் சார்ஜில் கிடந்தது. "அந்தக் கருவியைக் குடுத்துட்டுப் போங்க மாமா, இங்க நீரோட்டம் இழுக்குது, இடம் தப்பிடும்" என்றான்.

"கண்ணு எதுக்குடா வச்சிருக்க? அளவு பாக்கறவளோட தம்பிதானே நீ" என்று சொல்லிவிட்டு அந்தப் படத்தைப் போட்டேன்.

கரையில் கோபுரமும் காற்றாலையும் ஒரே நேர்கோட்டில் ஒன்றாகத் தெரிய வேண்டும். தெற்கே தீவின் முனையும், அதற்குப் பின்னால் துறைமுகத்தில் இடம் கிடைக்காமல் நங்கூரம் போட்டு நின்ற கப்பலின் பின்பக்கமும் ஒன்றாகத் தெரிய வேண்டும். இரண்டும் பொருந்தியிருக்கும்வரை நீ பாரின் மேல் இருக்கிறாய். பிசகினால் துடுப்புப் போட்டுச் சரிசெய்துகொள் என்றேன். அணையில் தண்ணீர்த் தொட்டியையும் செல்போன் கோபுரத்தையும் வைத்து இப்படித்தான் இடம் பிடிப்போம். ஒரு முறையும் தப்பியதில்லை.

"ரெண்டும் ஒண்ணா இருக்கணும், அவ்ளோதானே? நான் அசையமாட்டேன். நீங்க போயி ஒரு திமிங்கலத்தோட வாங்க" என்றான். நான் கேட்ட கடைசி வார்த்தை அது.

அந்தப் பாரில் இரண்டரை மணி நேரம் இருந்தேன். எனக்கும் ஒரு மீன் கிடைத்தது. பெரிய கலவா. அதைக் காட்டவேண்டும் என்று அவசரமாகத் திரும்பினேன். கருவி காட்டிய இடத்துக்கு மிகச் சரியாக வந்து நின்றேன். தண்ணீர் மட்டும் இருந்தது.

மதியம் ஆனந்தராஜ் படகில் தேடும்போது, "எதை அடையாளம் வச்சீய?" என்று கேட்டார். சொன்னேன். இஞ்சினை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"கப்பலையா? சார், கப்பலு நங்கூரம் போட்டாலும் ஒரே எடத்துல நிக்குமா? நீவாடு திரும்பினா சங்கிலியோட சேந்து சுத்தும்லா. எங்கூருல பால் குடிக்கித புள்ளைகூட கப்பல அடையாளம் வைக்காதே."

நீவாடு என்றால் நீரோட்டம். அது திரும்பியபோது கப்பலின் பின்பக்கம் மெல்லக் கரைப்பக்கமாக நகர்ந்திருக்கிறது. அதைத் தீவின் முனையோடு பொருத்தப் பொருத்த, இவன் ஆழத்தை நோக்கி நகர்ந்திருக்கிறான். சொன்னதைச் சரியாகச் செய்யச் செய்ய.

கரைக்கு வந்ததும் போலீஸ்காரர், "நீங்க எங்க இருந்தீங்க?" என்றார். "அவன்தான் பறவையைப் பார்த்துப் போயிட்டான்" என்று என் வாய் சொன்னது. ஆனந்தராஜ் பக்கத்தில் நின்றார். மறுக்கவில்லை. அவர் வீட்டில் எப்படி இருக்க முடிகிறது என்று கேட்டாயே. இந்த உலகத்தில் நான் பொய் சொல்லத் தேவையில்லாத வீடு அது ஒன்றுதான்.

அருள்


மத்திகிரி
27 டிசம்பர் 2024

அருள்,

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் உங்கள் கடிதம் வந்தது. நட்சத்திரம் கட்டாத வீட்டில் அதை நான்கு முறை படித்தேன்.

அளவுக்கூடத்தில் புதிதாகச் சேருகிற பெண்களுக்கு முதல் நாளே சொல்வேன், எதை வைத்து அளக்கிறீர்களோ அது அசையக்கூடாது என்று. வீட்டிலும் எத்தனையோ முறை சொல்லியிருப்பேன். கப்பல் அசையும் என்று எனக்கும் தோன்றியிருக்காது. நாம் நிலத்தில் பிறந்தவர்கள். நிற்கிற பொருள் நிற்கிறது என்றுதான் நமக்குத் தெரியும். அந்தத் தவறுக்காக உங்களை நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கருவியை எடுத்துக்கொண்டு போனதற்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அது ஆறுமா ஆறாதா என்று இப்போது சொல்ல முடியாது.

ஆனால் பொய். அதில் எனக்கும் பங்கு இருப்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

அந்தப் படம் இப்போது அங்கே இல்லை. கயாக் வந்த மறுநாளே, பிப்ரவரியில், பார்த்துவிட்டேன். உங்கள் எழுத்து என்று தெரிந்தது. நீங்கள் அவனோடு இல்லை என்பதும் அந்த நிமிடமே தெரிந்தது. ஒரு மாதம் மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். மார்ச்சில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நீங்களும் அம்மாவும் கோயிலுக்குப் போனபோது, பெயிண்ட் தின்னரில் துணியை நனைத்துத் துடைத்தேன். "இங்கேயே இரு" கடைசிவரை போகவில்லை. நகத்தால் சுரண்டினேன்.

அம்மா பார்த்துவிடக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில், தம்பியும் போய் நீங்களும் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள் என்ற பயம். பிள்ளை இல்லாத வீட்டில் நமக்கு இருந்தவனே அவன்தான். துடைத்த பிறகு உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஏப்ரலில் உங்களைத் துரத்தினேன். எதை இழக்கப் பயந்து துடைத்தேனோ அதையும் இழந்தேன்.

இந்த வீட்டில் அம்மா அவனைத் திட்டும்போதெல்லாம், ஒரு வார்த்தையில் அதை நிறுத்தக்கூடியவளாக நான் பக்கத்திலேயே இருந்தேன். பத்து மாதம். சில நாள் காலையில் பனிக்குள் அந்தக் கயாக்கைப் பார்க்கும்போது, அதில் யாரோ உட்கார்ந்து, எதிர்வீட்டுக் கூரையையும் மின்கம்பத்தையும் ஒன்றாகப் பொருத்திப் பார்த்துக்கொண்டிருப்பது போல இருக்கிறது. திரும்பிப் பார்க்கமாட்டான். சொன்ன வேலையில் இருக்கிறான்.

ஜனவரி பதினேழுக்கு முன்னால் வாருங்கள். அம்மாவிடம் நீங்கள் சொல்லுங்கள். பிறகு நான் என்னுடையதைச் சொல்கிறேன்.

லிபியா


புன்னைத்துறை
7 ஜனவரி 2025

லிபியா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு ஒரு காரியம் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை என் கயாக்கை எடுத்துக்கொண்டு பாருக்குப் போனேன். ஒரு வருடத்துக்குப் பிறகு. தனியாக அனுப்ப ஆனந்தராஜ் ஒப்புக்கொள்ளவில்லை. "ஒம்மத் தேட இன்னொரு நாள் டீசல் ஊத்த என்னால முடியாது" என்று படகில் பின்னால் வந்தார். மிதவைச் சட்டையை அவரே இழுத்துக் கட்டினார்.

கருவியை அவரிடம் கொடுத்துவிட்டேன். தீவுக்குப் பின்னால் இப்போதும் ஒரு கப்பல் நிற்கிறது. எப்போதும் ஏதாவது ஒன்று நிற்கும். நான் அவனுக்குப் போட்ட அதே இரண்டு கோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். தூண்டில் போட்டேன். பிசகினால் இரண்டு துடுப்பு. பொருந்தும். மறுபடி பிசகும். இரண்டு துடுப்பு. கப்பல் நகர்வது கண்ணுக்குத் தெரியவே இல்லை. நான்தான் நீரோட்டத்தில் விலகுகிறேன், நான்தான் சரிசெய்துகொள்ள வேண்டும் என்றுதான் தோன்றியது. எல்லாம் சரியாக இருக்கிறது என்ற நிம்மதிகூட இருந்தது. லிபியா, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவன் பயந்திருக்கமாட்டான். ரொம்ப நேரம்வரை.

ஒரு கட்டத்தில் என் இடது பக்கம் யாரோ துடுப்பை மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பார்க்கவில்லை. பார்த்தால் கோடு பிசகிவிடும் என்று பார்க்கவில்லை. "நேரா இருக்கனா மாமா?" என்று கேட்டது போல இருந்தது. "இருக்கடா" என்றேன்.

அப்போது ஆனந்தராஜ் கத்தினார். "சார்! போதும்! கரையப் பாரும்!" பார்த்தேன். கோபுரமும் காற்றாலையும் ஒரே குச்சியாகத் தெரிந்தன, கரை பனிக்குள் போய்விட்டது. இரண்டு மணி பத்து நிமிடத்தில் பாரிலிருந்து ஒன்றேகால் கிலோமீட்டர் வெளியே இருந்தேன். அடியில் ஆழம் வேறு, தண்ணீரின் நிறமே வேறு. வாடை அங்கே வேறு மாதிரி அடிக்கிறது. அலை பக்கவாட்டில் வந்து மோதியதும் என் கயாக் அரைப் பங்கு சாய்ந்தது. அவர் கயிறு போட்டு இழுத்துக்கொண்டார். கரை சேர்ந்ததும், "அந்தப் பய சொன்னபடி கேட்டிருக்கான் சார்" என்றார்.

நேரில் வந்து அத்தையிடம் சொல் என்கிறாய். அவர் முகத்துக்கு முன்னால் என் வாய் திரும்பவும் பொய் சொல்லிவிடும். அது எனக்குத் தெரியும். அதனால் அவருக்குத் தனியாக இரண்டு பக்கம் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். மீன் பொறாமை, கருவி, படம், கப்பல், போலீஸ், எல்லாம் இருக்கிறது. அத்தைக்குக் கன்னடம்தான் படிக்கத் தெரியும், நீதான் படித்துக்காட்ட வேண்டும். இதுவும் ஒரு கோழைத்தனம்தான். வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அருள்


மத்திகிரி
19 ஜனவரி 2025

அருள்,

பதினாறாம் தேதி மதியம் படித்துக்காட்டினேன். அம்மா சமையலறையில் அவரைக்காய் நார் உரித்துக்கொண்டிருந்தார். "உங்களுக்கு ஒரு கடுதாசி வந்திருக்குமா, அவர்கிட்ட இருந்து" என்றேன். "படி" என்றார். கை நிற்கவில்லை. கப்பல் பற்றிய வரி வந்தபோது நின்றது.

"திரும்பப் படி" என்றார். முதலிலிருந்து படித்தேன்.

"அப்போ அவன் எடத்த விட்டுப் போகலையா?"

"போகலைம்மா. சொன்னதைத்தான் புடிச்சிட்டு இருந்தான்."

"பறவ?"

"பறவையே இல்லைம்மா."

"எத்தன நேரம் இருந்தான்?"

"ரெண்டு மணி நேரமாவது."

எழுந்து அறைக்குப் போனார். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. நான் போனபோது படத்தை மடியில் வைத்து, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "வருசம் பூரா திட்டுனனேடா, ஒரு வார்த்த எதுத்துப் பேசக்கூட நீ இல்லையேடா" என்றார். அப்போதுதான் வந்தது. நான் அதுவரை கேட்டிராத அழுகை. பொற்கொடி மதில் ஏறிக் குதித்து ஓடி வந்தாள்.

அடங்கிய பிறகு என்னைப் பார்த்து, "நீ எப்போலருந்து அறிவ?" என்றார்.

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. "பிப்ரவரி" என்றேன். தின்னரையும் சொன்னேன்.

அதன் பிறகு அம்மா என்னோடு பேசவில்லை. தனியாகச் சமைத்துக்கொள்கிறார். அடுத்த நாள் காலை ஆட்டோ பிடித்துக் கோயிலுக்குப் போய் அவரே பெயர் கொடுத்தார். நான் பின்னால் பஸ்ஸில் போனேன். பங்குச் சாமியார் "ஜோஸ்வின்" என்று வாசித்தபோது அம்மா முதல் வரிசையில் எழுந்து நின்றார். நிற்க வேண்டிய நேரம் அல்ல அது. யாரும் உட்காரச் சொல்லவில்லை. நான் கடைசி வரிசையில் இருந்தேன்.

நேற்று பொற்கொடியை அழைத்து, நான் நாலடி தூரத்தில் நிற்கும்போதே, "அவகிட்ட சொல்லு பொற்கொடி, அவ புருசனுக்கு எழுதச் சொல்லு" என்றார். பொற்கொடி என் பக்கம் திரும்பி, "அக்கா, எழுதணுமாம்" என்றாள். அம்மா தொடர்ந்தார்.

"ரெண்டு பக்கம் எழுதிட்டா ஆச்சா? எம் மகன் ரெண்டு மணி நேரம் ஒருத்தன் சொல்ல நம்பி உக்காந்திருந்தான். அந்தச் சொல்லச் சொன்ன வாயி வாசல்ல வந்து நிக்கட்டும். நான் கதவத் தொறக்கறனா இல்லையான்னு அங்கிருந்துட்டே எதுக்கோசரம் ரோசன பண்ணிட்டிருக்கான்? வந்து பாத்துத் தெரிஞ்சிக்கட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். மன்னிப்பு என்றோ கூடாது என்றோ ஒரு வார்த்தை இல்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் இடத்தில் நான் இல்லை. உங்களுக்கு நம்பிக்கை தரும்படி எழுத என்னிடம் எதுவும் கிடையாது. பயமுறுத்தும்படியும் கிடையாது.

பிப்ரவரி முதல் தேதி சனிக்கிழமை எனக்கு இரண்டாம் ஷிப்ட். மதியம் ஒன்றரைக்குக் கம்பெனி பஸ் ஏறிவிடுவேன். பொற்கொடி குடும்பத்தோடு சூளகிரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போகிறாள். வீட்டில் அம்மா மட்டும் இருப்பார்.

அன்றைக்கு வாருங்கள். நான் இல்லாத நேரத்தில் வாருங்கள்.

லிபியா